சவரிநாதன் காத்திருந்த மசோதா

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் போணி செய்கிற ஆள் வந்தால் கடைக்காரனுக்கு அன்றைய பொழுது நன்றாக இருக்கும். பொன்மலையில் என்னுடைய ஜெராக்ஸ் கடைக்கு அந்த வருஷம் மாசிக் கடைசியிலிருந்து முதல் ஆளாக வந்துகொண்டிருந்தவர் ஒரு தாள்கூட ஜெராக்ஸ் எடுக்காத சவரிநாதன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயது, பலவீனமான இருதயம். கடையிலிருந்து மூன்றாவது வீடுதான். அந்த மூன்று வீட்டுத் தூரத்துக்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுவார். வந்து குடையை ஷட்டர் கொக்கியில் மாட்டிவிட்டு, வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சு அடங்குகிற வரைக்கும் உள்ளங்கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொல்வார். நான் என்னவோ பேசத் துடித்துக்கொண்டிருந்தது போல. அப்புறம் கேட்பார்.

"தம்பி, நம்ம பில்லு எது வரைக்கும் வந்திருக்கு?"

லால்குடி தாண்டிவிட்டதா, ஸ்ரீரங்கம் வந்துவிட்டதா என்று ரயிலை விசாரிக்கிற அதே தொனி.

"நேத்து இருந்த எடத்துலதாங்கய்யா இருக்கு."

"நேத்து எங்க இருந்துச்சு?"

"முந்தாநேத்து இருந்த எடத்துல."

"கோவப்படாம ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க தம்பி. உங்க பொட்டியில வருமே."

பொட்டி என்றது என் கம்ப்யூட்டரை. பில்லு என்றது சென்னையில் சட்டசபை முன்னால் கிடந்த ஒரு மசோதாவை. சட்டமுன்வடிவு எண் இருபத்தேழு, நகர்ப்புற அடக்க இடங்கள் திருத்தச் சட்டமுன்வடிவு. ஆதார் முகவரி மாற்ற வந்தவர்கள் வரிசையில் நிற்க, ரேஷன் கார்டில் பெயர் நீக்க வந்தவர் முறைத்துக்கொண்டு நிற்க, நான் அந்தப் பெயரை அடித்துத் தேடிக்கொண்டிருப்பேன். இப்போது என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எண்ணோடு சொல்லுவேன்.

விஷயம் இதுதான். இங்கே இருக்கிற கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. இனிமேல் சாகிறவர்களுக்கு ஊருக்கு வெளியே பதினாலு கிலோமீட்டரில், வேலிக்காத்தான் மண்டிய ஒரு பொட்டலைப் புது இடமாக ஒதுக்கியிருந்தார்கள். பழைய தோட்டத்தில் குடும்பக் குழி இருக்கிறவர்கள் மட்டும் அதைத் திறந்து, உள்ளே இருப்பவருக்கு மேலேயே அடக்கம் செய்துகொள்ளலாம். ஆனால் கடைசியாக அடக்கம் நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும். சவரிநாதனின் மனைவி சந்திரம்மாள் போய் ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டை ஐந்தாகக் குறைக்கிற மசோதாதான் எண் இருபத்தேழு. அதன் நான்காவது பிரிவில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மனிதர் தினம் வந்து என் ஸ்டூலை அடைத்துக்கொண்டிருந்தார்.

நான் மலைக்கோட்டை அடிவாரத்துச் சந்தில் பிறந்து வளர்ந்தவன். பொன்மலைக்குக் குடிவந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது. எங்கள் கபர்ஸ்தானில் இந்தத் தகராறெல்லாம் கிடையாது. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே அடக்கம். அந்த ஞாபகத்தில் ஒருநாள் வாய் தவறிவிட்டது.

"ஐயா, மண்ணுக்குள்ள போனப்புறம் எது பக்கம், எது தூரம்? எல்லாம் ஒரே மண்ணுதானே."

சவரிநாதன் ஸ்டூலில் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"உங்களுக்குச் சந்திராவைப் பத்தித் தெரியாது தம்பி. அவ லால்குடிப் பக்கத்துப் பொண்ணு. நெல்லு வெள்ளாமைக் குடும்பம். என்னைக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அவ வீட்ல ஒருத்தரும் எங்க வாசப்படி மிதிக்கல. செத்ததுக்கும் வரல. நான் நைட் ஷிஃப்ட்டுக்குப் போனா பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூட்டியாந்து பக்கத்துல படுக்க வச்சுக்குவா. லைட்டை அணைக்க விடமாட்டா. நான் ரிட்டயராகுற வரைக்கும் அப்படி. அவளைத்தான் கொண்டுபோய் அங்க தனியாப் படுக்க வச்சுட்டு வந்தேன். எட்டடி வெட்டச் சொன்னேன். எதுக்குய்யா இவ்வளவு ஆழம்னு வெட்டுறவன் கேட்டான். மேல நான் வருவேன்டான்னேன். பெட்டிய மூடுறப்ப அவ காதுகிட்டச் சொன்னேன், கொஞ்ச நாளுதான் சந்திரா, நான் வந்துடுறேன்னு. இப்ப என்னைக் கொண்டுபோய் அந்த வேலிக்காத்தான் காட்டுல போட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

அதற்கப்புறம் நான் அவரிடம் மண்ணு, மண்ணாங்கட்டி என்று பேசுவதை விட்டுவிட்டேன்.

அந்த வீட்டில் இன்னொரு கொடுமை இருந்தது. டாக்டர் அவருக்கு உப்பு ஒரு சிட்டிகைகூடக் கூடாது, தண்ணீர் நாளைக்கு ஒரு லிட்டர்தான் என்று எழுதிக் கொடுத்திருந்தார். வீடு முழுக்கக் கருவாடு. மருமகள் லின்சி பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கருவாட்டுக் கடை போடுகிறவள். நாகப்பட்டினத்திலிருந்து வருகிற மூட்டையை வியாழக்கிழமை மொட்டைமாடியில் பிரித்துக் கொட்டுவாள். நெத்திலி தனி, சென்னாகுன்னி தனி, வாளை தனி. காக்காயை விரட்டிக்கொண்டே உப்பைத் தட்டி உதறி, பூச்சி வைத்ததைப் பொறுக்கி எறிந்து, இரண்டு வெயில் காட்டுவாள். அந்த வாசனை எங்கள் வீட்டு ஜன்னலில் வந்து நிற்கும். அதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு சவரிநாதன் உப்பில்லாத ரசமும் சோறும் சாப்பிட்டார். மாத்திரை டப்பாவில் காலை, மதியம், மாலை என்று கட்டம் பிரித்து, ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் அடுக்கிய கையால் அடுக்கி வைத்திருந்தார். தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி, மணி வாரியாகக் கோடு கிழித்துக் குடித்தார்.

"டாக்டருக்குப் பயந்தா செய்யிறாரு? அவ்வளவும் அந்தப் பில்லுக்காக," என்றாள் லின்சி. "நான் எத்தனை வருஷமாச் சொன்னேன்ணே, மாமா ஊறுகாயைத் தொடாதீங்கன்னு. கேட்டாரா? இப்ப சட்டசபை சொல்லுது, கேக்குறாரு."

அந்த வருஷம் எங்கள் நோன்பும் அவர்களுடைய தவக்காலமும் சேர்ந்தாற்போல் வந்தன. என் மனைவி வஹீதா சாயங்காலம் நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது அவருக்கென்று உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பாள். நான் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். ஒருநாள் கூட அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. "வஹீதாம்மா கைப்பக்குவம்" என்பார். அந்தக் கஞ்சியை நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு பொய்யை அந்த மனிதர் எப்படிச் சொன்னாரோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

மகன் சகாயநாதனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். ஷிஃப்ட் முடிந்து சிவந்த கண்ணோடு ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்தான்.

"பாய், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அவருக்கு இதையெல்லாம் தேடித் தேடிக் காட்டாதீங்க."

"நானா காட்டுறேன்? வந்து உக்காந்துகிட்டு எழுந்திரிக்க மாட்டேங்குறாரு."

"கம்ப்யூட்டர் ரிப்பேருன்னு சொல்லுங்க. வீட்ல எப்பப் பாத்தாலும் குழி, பெட்டி, அடக்கம். சோத்துல கைய வச்சா எட்டடி ஆழம்னு ஆரம்பிக்கிறாரு. எனக்குத் தொண்டையில எறங்குமா சொல்லுங்க. அம்மா போன எடத்துக்கு அவசரமாப் போகணும்னு ஒருத்தர் நிக்கிறாரு. நான் இங்கதானே இருக்கேன், என்னைப் பத்தி ஒரு நாளாவது பேசினாரா?"

"நீ கேட்டியா?"

"நான் என்னத்தக் கேக்குறது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். போகிற போக்கில் குடையை எடுத்து, "இதை மறந்துட்டு வந்துட்டாராம், வெயில்ல நிக்கிறாரு" என்று முனகிக்கொண்டு போனான். அவன் வந்ததே அதற்குத்தான் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மசோதா நகர்ந்த லட்சணத்தைச் சொல்கிறேன். பங்குனி முதல் வாரத்தில் அறிமுகம் செய்தார்கள். "கெளம்பிருச்சு," என்றார் சவரிநாதன். பிறகு மூன்று வாரம் பேச்சு மூச்சில்லை. ஒரு புதன்கிழமை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதாகப் பட்டியலில் வந்தது. அன்றைக்குச் சபையில் வேறு ஏதோ விவகாரத்தில் கூச்சல், வெளிநடப்பு, மறுநாளைக்கு ஒத்திவைப்பு. மறுநாள் சபை கூடியது. முன்னாள் உறுப்பினர் ஒருவர் காலமாகிவிட்டாராம். இரண்டு நிமிஷம் எழுந்து நின்று மௌனம், இரங்கல் தீர்மானம், அன்றைய அலுவல் அத்தனையும் ஒத்திவைப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் மௌஸைத் தட்டினேன்.

"செத்துப்போன ஒருத்தருக்காகச் சபையையே மூடுறாங்க. சாகப்போறவங்களுக்கான பில்லைப் படிக்க நேரமில்ல இவங்களுக்கு."

"பாவம், யாரு தம்பி எறந்தது? நல்ல மனுஷனா?" என்று கேட்டார் சவரிநாதன்.

அந்த நிதானம்தான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கோபப்பட வேண்டியவர் சாந்தமாக உட்கார்ந்திருக்க, கடைக்காரன் நான் சென்னையை நோக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வஹீதா வேறு, "நோன்பு வச்சுக்கிட்டு இப்படிக் கத்துனா நோன்பு என்னத்துக்காகும்" என்றாள்.

சித்திரையில் கூட்டத்தொடரின் கடைசி நாள், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து கடையைத் திறந்தேன். சவரிநாதன் வாசலிலேயே காத்திருந்தார். நேரலையைப் போட்டேன். பதினேழு மசோதாக்கள் பாக்கி இருந்தன. சபாநாயகர் நாற்காலியிலிருந்து பெயரைப் படிப்பதும், ஆம் என்போர் ஆம் என்பதும், நிறைவேறியது என்பதும், அடுத்ததற்குப் போவதுமாக ஓடியது. பேருந்து நிலையத்தில் ஊர் பெயரைக் கத்துகிற வேகம். எண் இருபத்தேழைப் படித்து முடித்து நிறைவேற்ற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கா இரண்டு மாசம் என்று எனக்கு வயிற்றெரிச்சலும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. அந்த வேகத்தில் நான் வாயை விட்டேன்.

"பாஸ் ஆயிடுச்சுங்கய்யா. முடிஞ்சுது. இனிமே உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

சவரிநாதன் எழுந்து நின்றார். சிலுவை போட்டு விரலை முத்தமிட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்" என்றார். அன்றைக்குத்தான் முதல் முறையாக எதுவும் கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நேராக ஆட்டோ பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாராம்.

திங்கட்கிழமை காலையில் ஷட்டர் பாதி ஏறியிருக்கும்போதே லின்சி வந்து நின்றாள். சந்தை முடிந்த மறுநாள் அவள் வெளியே தலைகாட்ட மாட்டாள்.

"அண்ணே, எங்க மாமாகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏம்மா, பில்லு பாஸ் ஆயிடுச்சுன்னேன்."

"நல்லாச் சொன்னீங்க. நேத்துச் சந்தை முடிஞ்சு கூடையோட வீட்டுக்கு வரேன், மனுஷன் அடுப்பங்கரையில நிக்கிறாரு. வஞ்சிரக் கருவாட்டை எண்ணெயில போட்டுப் பொரிச்சுக்கிட்டு, பழைய சோத்துல மோர் ஊத்தி, ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு. மாமா என்ன பண்றீங்கன்னு கேக்குறேன், எல்லாம்தான் முடிஞ்சுதேம்மாங்குறாரு. மாத்திரை டப்பாவைத் தொறந்து பாக்குறேன், வெள்ளிக்கெழம மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் எடுக்கல. இனி எதுக்குங்குறாரு. காலு ரெண்டும் வீங்கிப் போய்க் கெடக்கு. நான் யாரைத் திட்டுறது? அவரையா, உங்களையா, இல்ல அந்தச் சட்டசபையையா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்ததே இந்தப் பில்லுக்காகத்தான். நான் முடிந்தது என்றதும் அவர் பிடியை விட்டுவிட்டார். முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். சபையில் நிறைவேறினால் மசோதாதான். ஆளுநர் கையெழுத்துப் போட்டு, அரசிதழில் அச்சாகி வந்தால்தான் சட்டம். பத்தாவது படித்த பையனுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பாஸ் என்று சொன்னேன். முட்டாள் என்று என்னை நானே திட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

கட்டிலில் சாய்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன்.

"ஐயா, நான் தப்பாச் சொல்லிட்டேன். இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி இருக்கு. அது வந்து கெஜட்டுல போட்டாத்தான் செல்லும்."

"கையெழுத்துன்னா நாளைக்கு வந்துடுமா?"

"சொல்ல முடியாதுங்கய்யா."

"இத்தனை நாளைக்குள்ளன்னு ஒரு கணக்கு இருக்கும்ல?"

"நாளு ஒண்ணும் போடலை."

"சிக்னல் குடுக்குறதுக்கு நேரம்னு ஒண்ணு கெடையாதா?" அவர் நம்பாமல் கட்டிலோரம் நின்ற சகாயநாதனைப் பார்த்தார். "நாப்பது வருஷம் ரயில்வேயில இருந்தேன். நேரம் போடாத வேலைன்னு ஒண்ணை நான் பாத்ததில்ல."

சகாயநாதன் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினான். "மொதல்ல இதைப் போடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

போட்டுக்கொண்டார். மறுபடியும் டப்பா, மறுபடியும் பாட்டிலில் கோடு, மறுபடியும் உப்பில்லாத ரசம். ஆனால் அந்த மூன்று நாள் அவர் தின்ற உப்பு உடம்பை விட்டு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவரால் கடைக்கு வர முடியவில்லை. ஒன்பது மணிக்கு நான்தான் போனேன். அக்னி நட்சத்திர வெயில், கட்டில் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன், மாடியில் கருவாடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார். குரல் மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனது.

"இன்னும் வரலைங்கய்யா."

"பரவால்ல. நாளைக்குப் பாப்போம்."

சென்னைக்கு ஃபோன் போட்டேன். ஒரு துறையில் இன்னொரு துறை என்றார்கள். அந்தத் துறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மின்னஞ்சல் அனுப்பினேன், பதிவுத் தபால் அனுப்பினேன். இப்படி ஒருவர் காத்திருக்கிறார், இருதயம் இந்த நிலையில் இருக்கிறது என்று டாக்டர் சீட்டின் நகலையும் வைத்தேன். தபால் சேர்ந்தது என்று அட்டை மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தது.

மசோதா நிறைவேறிய முப்பத்திரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், லின்சி கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது தலை சாய்ந்துவிட்டது. நான் ஓடினேன். மரணத்தைக் கண்டால் நாங்கள் சொல்லும் இன்னாலில்லாஹி என் வாயில் தானாக வந்தது. சகாயநாதன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரே வார்த்தை கேட்டான்.

"வந்துச்சா பாய்?"

இல்லை என்று தலையாட்டினேன்.

மாநகராட்சி அலுவலகத்தில் அந்த அதிகாரி நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "எனக்கும் அப்பா இருக்காருங்க. ஆனா அரசிதழ் இல்லாம நான் கையெழுத்துப் போட்டா எனக்கு வேலை போயிடும்" என்றார். பங்குச் சாமியார் தன் பங்குக்கு யார் யாரிடமோ பேசிப் பார்த்தார். ஐஸ் பெட்டி எடுத்து வந்து ஹாலில் வைத்தோம். ஒரு நாள் பார்த்தோம், இரண்டு நாள் பார்த்தோம். நான் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஃபோனில் அரசிதழ் பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் சகாயநாதன் என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக் கவிழ்த்து வைத்தான்.

"போதும் பாய். அவரு உசுரோட இருந்தப்ப காத்துக்கிட்டு இருந்தாரு. செத்தப்புறமும் அவரைக் காக்க வைக்க என்னால முடியாது."

பதினாலு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் அந்தப் பொட்டலில் அடக்கம் செய்தோம். அங்கே அவர் ஒன்பதாவது ஆள். நிழல் கிடையாது. வரிசைக்குக் கயிறு கட்டி, குழிக்குக் குழி மூன்றடி இடைவெளி விட்டு, சுண்ணாம்பில் எண் போட்டிருந்தார்கள். எல்லோரும் ஒரு கை மண் போட்டார்கள். சகாயநாதன் போடவில்லை. தள்ளிப் போய் வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

அதற்கு ஒன்பதாம் நாள் அரசிதழ் வந்தது. பன்னிரண்டு ஐந்தாகிவிட்டது. யாருக்கோ ஆதார் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தபோது பழக்க தோஷத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன், இருந்தது. ஒன்பது நாள். கையெழுத்துப் போட்ட அந்தப் பேனாவை ஒன்பது நாளைக்கு முன்னால் எடுக்க எது தடுத்தது என்று நான் யாரைப் போய்க் கேட்பேன்? பிரிண்ட் எடுத்தேன். அதை அந்த வீட்டுக்குக் கொண்டுபோகக் காலே வரவில்லை. டிராயரில் போட்டு மூடிவிட்டேன். வஹீதாவிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து லின்சியே வந்தாள். அன்று முழுக்க உட்கார்ந்து நெத்திலி தரம் பிரித்த கை, உப்புப் பூத்திருந்தது.

"அண்ணே, பில்லு வந்துடுச்சாமே. சாமியார் சொன்னாரு."

"வந்துடுச்சும்மா. எனக்குத்தான் உங்க மூஞ்சியில முழிக்கத் தெம்பு இல்ல."

"மூஞ்சி கெடக்கட்டும். அதுல என்ன போட்டிருக்கு? அஞ்சு வருஷம் ஆன குழியைத் திறக்கலாம்னுதானே?"

"ஆமா. ஆனா ஐயாவை அங்கேர்ந்து எடுக்க முடியாதும்மா. அவரு குழிக்கு இனிமே அஞ்சு வருஷம் ஆகணும். அந்தச் சட்டமே இப்ப அவருக்குத் தடை."

"அவரை யாரு எடுக்கச் சொன்னா? அத்தை குழிக்கு ஏழு வருஷம் ஆயிடுச்சுல்ல. அதைத் திறக்கலாம்ல?"

நான் டிராயரைத் திறந்து அந்தப் பிரிண்டை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தேன்.

"மாமா அத்தைகிட்டப் போக முடியல. அத்தையை நாம கொண்டுபோய் விடுவோம். இத்தனை நாளா ஆம்பளைங்க எல்லாரும் சேந்து சென்னையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, இது ஒருத்தருக்கும் தோணலையா? விண்ணப்பம் எழுதுங்க."

எழுதினேன். காரணம் என்ற இடத்தில் நிறுத்தினேன். "என்ன போடட்டும்?"

"கணவர் இருக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்லன்னு போடுங்க. வேற என்ன போடுறது?"

அப்படியே போட்டேன். அதே அதிகாரிதான். விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். "இந்தத் திருத்தம் வந்ததே இன்னொருத்தரை உள்ள அடக்கம் பண்றதுக்குங்க. வெளிய எடுக்குறதுக்கு இல்ல" என்று ஆரம்பித்தார்.

"திறக்கலாம்னு இருக்கா இல்லையா சார்?" என்றாள் லின்சி.

"திறக்கலாம்னு இருக்கு."

"எதுக்குத் திறக்கணும்னு இருக்கா?"

அவர் அரசிதழை எடுத்து நான்காவது பிரிவை விரல் வைத்துப் படித்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு பேனா மூடியைத் திறந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லின்சி சந்தைக்குக் கடை போடவில்லை. எலும்புகளை வைக்க இரண்டடி நீளத்தில் சகாயநாதன் எவர்சில்வர் தகட்டில் ஒரு பெட்டி செய்திருந்தான். பட்டறையில் ஷிஃப்ட் முடிந்து தங்கி, வெல்டிங் வைத்த இடம் தெரியாதபடி தேய்த்து மெருகேற்றியிருந்தான். குழியைத் திறந்தபோது அவன் பக்கத்தில் வரவில்லை. லின்சிதான் விளிம்பில் உட்கார்ந்து, குழிக்குள் இறங்கியவர் கீழிருந்து கொடுக்கக் கொடுக்க, புது வேட்டியில் வாங்கி வைத்தாள். பதினாலு கிலோமீட்டரும் சகாயநாதன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தான். மேடு பள்ளம் வந்தால் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

புது இடத்துக் காவல்காரர் காகிதம் கேட்டார். அரசிதழையும் அனுமதியையும் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுசாகப் படித்துவிட்டு, "இது அன்னைக்கே வந்திருந்தா இவ்வளவு தூரம் ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்க வேண்டாமே" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. இருந்தாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

சவரிநாதன் குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவில் விட்டிருந்த அந்த மூன்றடியில், அவரை ஒட்டியே வெட்டச் சொன்னாள் லின்சி. வெட்டுகிறவர் அந்தப் பக்கம் போகலாமே என்றதற்கு, ஒட்டி வெட்டுங்க என்று மறுபடியும் சொன்னாள். சகாயநாதன் பெட்டியைத் தானே இறக்கினான். மண்வெட்டியை வாங்கி முதல் மண்ணையும் அவனே தள்ளினான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு, அப்பா, அம்மா என்று இரண்டையும் சேர்த்துக் கூப்பிட்டு அழுதான். அழுதுகொண்டே தள்ளினான்.

லின்சி மாமனாரின் தலைமாட்டில் குனிந்து நின்றாள். இத்தனை மாசமாக மாத்திரைக்கும் தண்ணீருக்கும் அவரை அதட்டிய அதே குரல்.

"மாமா, அத்தை வந்தாச்சு. கொஞ்சம் தள்ளிப் படுங்க."